அவர் அன்று வந்தது தவறா?

அன்புள்ள அண்ணா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் கணவர் சவூதியில் தம்மாமில் ஒன்பது வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். 2020 டிசம்பர் தொடக்கத்தில் மாமனார் தவறிவிட்டார். கொரோனாவால் வழக்கமான விமானம் இல்லாத நேரம். சிறப்பு விமானத்தில் டிக்கெட் கிடைத்து, கருமாதிக்கு வந்து சேர்ந்தார். ஜனவரி கடைசியில் திரும்பினார். நேரடியாகப் போக முடியாது, துபாயில் 14 நாள் தங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ட்ராவல்ஸில் பேக்கேஜ் போட்டுக் கொடுத்தார்கள். என் வளையலை அடகு வைத்துக் கட்டினோம். அவர் துபாயில் இருக்கும்போதே சவூதி வழியை மூடிவிட்டது. ஒரே அறையில் ஆறு பேராக இருந்து, கையில் காசு தீர்ந்து திரும்பி வந்தார். ஏப்ரலில் நேபாளம் வழியாகப் போக முன்பணம் கட்டினோம். அதுவும் போனது. இக்காமாவை (சவூதியில் தங்கி வேலை பார்க்கும் அனுமதி அட்டையை) நீட்டித்துவிட்டார்கள் என்று செய்தி வரும், ஆனால் கபில், அதாவது அங்கே அவருக்கு ஸ்பான்சராக இருந்த முதலாளி, போனை எடுக்க மாட்டார். கடைசியில் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். சேர வேண்டிய பணமும் வரவில்லை.

இத்தனை வருடம் ஆகியும் நாத்தனார் வீட்டுக்காரர் விசேஷத்துக்கு விசேஷம் சொல்கிறார்: "வீடியோவில் பார்த்துட்டு அங்கேயே இருந்திருந்தா வேலை தங்கியிருக்கும். வந்ததுதான் வந்தான், பொறுமையா இருந்து போயிருக்கலாம். அவசரப்பட்டு துபாய் போய் பணத்தைத் தொலைச்சான்." இவர் ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. அவர் செய்தது தவறா அண்ணா? இப்போது சவூதியிலேயே ஜுபைலில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

தவறே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் இல்லை என்பதைத் தேதி தேதியாகச் சொன்னால்தான் உங்கள் நாத்தனார் வீட்டுக்காரரும் கேட்பார் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2020 செப்டம்பர் கடைசியில் சவூதி, இந்தியாவுடனான விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்தவர் உள்ளே வர முடியாது என்பது அன்றைய விதி. அங்கிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு மட்டும் சிறப்பு விமானம் இருந்தது. அதாவது வர வழி உண்டு, திரும்ப நேர் வழி கிடையாது. அந்த 14 நாளை வேறு நாட்டில் கழித்துவிட்டுப் போவது குறுக்குவழியோ ஏமாற்றோ இல்லை, விதியே அனுமதித்த வழி. இந்தியாவிலிருந்து போனவர்களில் ஏராளமானோர் அப்போது துபாய் வழியாகத்தான் போனார்கள். சொந்தக்காரர்கள் சொல்கிற அந்த 'அவசரம்', உண்மையில் விதிமுறையை ஒழுங்காகப் பின்பற்றியது.

அப்புறம் 2021 பிப்ரவரி 3. அன்று இரவு 9 மணியிலிருந்து 20 நாடுகளில் இருந்து வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை என்று சவூதி அறிவித்தது. அறிவிப்பு வந்தது அதற்கு முந்தைய நாள்தான். அந்தப் பட்டியலில் இந்தியாவோடு ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தது. உங்கள் கணவர் அப்போது துபாயில் பாதி நாளைக் கழித்திருப்பார். இன்னும் ஒரு வாரம் போனால் சோதனை எடுத்து விமானம் ஏற வேண்டியது. அந்த ஒரு இரவில் துபாயில் மாட்டிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். அறை வாடகை ஏறிக்கொண்டே போனது, சுற்றுலா விசாவின் நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. அந்த மாதமே அங்கிருந்த இந்தியத் தூதரகம், சவூதிக்கும் குவைத்துக்கும் அமீரகம் வழியாகப் போகக் காத்திருப்பவர்கள் ஊர் திரும்பும்படி அறிவுரை சொன்னது. அவர் திரும்பியதும் சரியான முடிவுதான். தங்கியிருந்தால் கடன் இன்னும் ஏறியிருக்கும்.

நேபாளக் கதையும் இதே மாதிரி. ஏப்ரல் கடைசியில் இங்கே இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. இந்தியர்கள் காட்மாண்டு வழியாக மூன்றாவது நாட்டுக்குப் போவதை நேபாளம் நிறுத்தியது. மாலத்தீவும் மே மாதத்தில் தெற்காசியர்களுக்குக் கதவை மூடியது. நீங்கள் முன்பணம் கட்டிய நாளில் இருந்த வழி, கிளம்ப வேண்டிய நாளில் இல்லாமல் போனது.

சரி, "பொறுமையா இருந்து போயிருக்கலாம்" என்கிறாரே, அதைப் பார்ப்போம். எத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டும்? 2021 ஆகஸ்ட் கடைசியில் சவூதி ஒரு சலுகை கொடுத்தது. சவூதியிலேயே இரண்டு டோஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டு விடுமுறையில் வந்தவர்கள் நேரடியாகத் திரும்பலாம். அந்த நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியதே 2020 டிசம்பர் 17-ம் தேதி. உங்கள் கணவர் அதற்கு முன்பே அப்பாவின் காரியத்துக்கு வந்துவிட்டார். அவருக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்கவே முடியாது. இந்தியாவிலிருந்து மற்றவர்கள் நேரடியாகப் போகலாம் என்று வந்தது 2021 டிசம்பர் 1-ல். அதுவும் போய் இறங்கி 5 நாள் தனிமைப்படுத்தலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக, வீட்டில் உட்கார்ந்து பொறுத்திருந்தால் சம்பளம் இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருடம். உங்கள் கணவரின் முதலாளி ஒரு வருடம் காத்திருந்திருப்பார் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

இக்காமா நீட்டிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பலரும் குழம்பிய இடம் இது. சவூதி அரசு வெளியே மாட்டிக்கொண்டவர்களின் இக்காமாவையும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவையும் (ஊருக்கு வந்து திரும்புவதற்கான அனுமதி) கட்டணம் வாங்காமல் பலமுறை நீட்டித்தது. முதலில் 2021 ஜூன் 2 வரை, பிறகு ஜூலை 31, பிறகு இன்னும் சில முறை. நல்ல காரியம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அரசு நீட்டித்தது அட்டையின் தேதியை. வேலையை யாரும் நீட்டிக்கவில்லை. ஜூன் வெயிலில் தம்மாமில் ஏ.சி. ஓடாவிட்டால் எந்தக் கம்பெனியும் ஒரு வாரம்கூடத் தாங்காது, இன்னொரு மெக்கானிக்கைத் தேடிக்கொள்ளும். இன்னார் திரும்பி வரும்வரை அவருடைய வேலை அவருக்கே என்று ஒரு வரி அந்த ஆணைகளில் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கும். இந்திய அரசும் அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். எனக்கு இதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

தடுப்பூசி விஷயத்தில் நம் பக்கமே பெரிய குழப்பம். 2021 மே மாதம் கோவிஷீல்டு இரண்டாவது டோஸுக்கு 12 முதல் 16 வாரம் இடைவெளி என்றார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் 28 நாள் கழித்தே போட்டுக்கொள்ளலாம், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம் என்ற தளர்வு ஜூன் 7-ம் தேதிதான் வந்தது. கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது நவம்பர் 3-ல். முகாமில் அன்றைக்கு எந்த ஊசி வந்ததோ அதைப் போட்டுக்கொண்டு வந்த என் தெருப் பையன் ஒருவன், கையில் விசா இருந்தும் மாதக்கணக்கில் காட்பாடியிலேயே நின்றான். வரிசையில் நிற்கும்போது எது என்று தேர்ந்தெடுக்க அவனுக்கு யார் இடம் கொடுத்தார்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேலூரில் 2020 மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே பாபுராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் லாட்ஜ்களைப் பார்த்திருப்பீர்கள். பெயர்ப்பலகையே வங்காள மொழியில் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ சிகிச்சைக்கு வந்து தங்குகிறவர்கள். மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது அத்தனை பேரும் அறைக்குள் அடைந்தார்கள். நம் மாநிலம் தாண்டி வந்தவர்களுக்கு மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்டார்கள். வங்கதேசத்துக்காரர்களுக்கு அதுவும் இல்லை. ஏப்ரலில் சென்னையிலிருந்து டாக்காவுக்குச் சில சிறப்பு விமானங்கள் போயின. இடம் கிடைத்தவர்கள் போனார்கள். மற்றவர்களுக்கு மருத்துவ விசாவின் தேதி ஓடிக்கொண்டிருந்தது. நம் அரசும் சவூதி மாதிரியே கட்டணமில்லாமல் நீட்டித்தது. ஆனால் அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிற மகனையும் பார்த்துக்கொண்டு, பாஸ்போர்ட் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றுவது எப்படி என்று தெரியாமல் லாட்ஜ் வரவேற்பில் வந்து நின்ற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை பார்க்கும் பையன்கள்தான் தங்கள் மொபைலில் செய்து கொடுத்தார்கள். வாடகையைக் குறைத்துக்கொண்ட உரிமையாளர்களும் உண்டு, கறாராக வாங்கியவர்களும் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பெரியவர்களிடம் வேலூரில் யாரும் "மார்ச் மாதத்தில் ஏன் வைத்தியத்துக்கு வந்தீர்கள், பொறுத்து வந்திருக்கலாமே" என்று கேட்டு நான் பார்க்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வந்தார்கள். உங்கள் கணவருக்கு அப்பா இறந்துபோனார், வந்தார். ஊர் பேர் தெரியாதவரிடம் காட்டிய நியாயத்தைச் சொந்த மச்சானிடம் காட்டக் கூடாதா? அப்பாவின் கருமாதிக்கு வந்து நின்றவரைப் பார்த்து உங்கள் மாமியாருக்கு அன்றைக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! அடுத்த விசேஷத்தில் இந்தப் பேச்சு வந்தால் அவரையே பேசச் சொல்லுங்கள். மருமகன் அவர் பேச்சைக் கேட்பார்.

உங்கள் கணவர் பதில் பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தானே தவறு செய்துவிட்டதாக அவரும் நம்பத் தொடங்கியிருக்கலாம். மேலே சொன்ன தேதிகளை அவரோடு உட்கார்ந்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த நாளில் எந்த விதி இருந்தது, அன்று அவர் என்ன செய்தார் என்று அவரே பார்க்கட்டும். நீங்கள் சமாதானம் சொல்வதைவிட அது அவருக்கு உதவும்.

சேர வேண்டிய பணம். சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடம் ஒரு மாதச் சம்பளம். ஒன்பது வருடத்துக்கு ஆறரை மாதச் சம்பளம் வருகிறது. தன் கையில் இல்லாத காரணத்தால் வேலையை விட நேர்ந்தவருக்கு அந்தத் தொகை முழுதாகக் கிடைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வழக்குப் போட வேலை முடிந்ததிலிருந்து 12 மாதம்தான் பொதுவான கெடு. முதலாளி பணம் தர வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் கெடு தாண்டியும் பேச இடமுண்டு. கபிலோ, அலுவலகத்து ஆளோ "பணம் அனுப்புகிறோம்" என்று வாட்ஸப்பில் ஒரு வரி எழுதியிருந்தாலும் அழித்துவிடாதீர்கள். நம் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியச் செலவில்லை. பெரிய நம்பிக்கை கொடுக்க முடியவில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

ஜுபைலுக்குப் போவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். எனக்குத் தோன்றுவது, போகலாம், ஆனால் இந்த முறை நகையை வைத்துப் போக வேண்டாம். ரீ-என்ட்ரி முடிந்து திரும்பாதவர்களுக்கு இருந்த மூன்று வருடத் தடை எப்படியும் அவருக்கு முடிந்திருக்கும், 2024 தொடக்கத்தில் அந்தத் தடையையே நீக்கிவிட்டார்கள். 2021 மார்ச்சிலிருந்து அங்கே சில நிபந்தனைகளோடு முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறவும், ஊருக்கு வந்து திரும்ப ரீ-என்ட்ரி எடுக்கவும் வழி வந்திருக்கிறது. அதற்கு ஒப்பந்தம் கிவா என்ற அவர்களுடைய அரசுத் தளத்தில் பதிவாகியிருப்பது முக்கியம். இங்கே ஏஜென்ட் இந்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு மாறும். பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை (வேலைக்கு வெளிநாடு கிளம்ப அரசு அனுமதி தேவைப்படும் வகை) என்றால் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். யாராவது அதை ஆயிரக்கணக்கில் விற்றால் நம்பாதீர்கள்.

இக்காமா, ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றின் பிரதியும் மாதாமாதம் உங்கள் மொபைலுக்கு வந்துவிட வேண்டும். போன முறை அவர் அறையிலேயே விட்டு வந்த பெட்டியில் எத்தனை காகிதம் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜுபைல் கம்பெனி அனுப்பும் கடிதத்தில் சம்பளம், தங்கும் இடம், விடுமுறை டிக்கெட் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா பார்த்துவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தம்மாமில் இருபது வருடம் கணக்கு எழுதிவிட்டு இப்போது சத்துவாச்சாரியில் இருக்கிற நண்பர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். அவர் பார்க்கும் வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.