வீட்டு முற்றத்தில் காணிவேல்: கேள்வி பதில்

முன்பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் வருடாவருடம் வைக்கும் காணிவேல் (விளையாட்டுக் கொண்டாட்டம்) விளையாட்டுகளைப் பற்றித் திருகோணமலைப் பக்கத்துப் பெற்றோர் பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாம் கையால் செய்து, பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்தவை.

ரீச்சர், மகளின் ஏழாவது பிறந்தநாளுக்குப் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். எதில் தொடங்கலாம்? (உப்புவெளி)

மூன்று விளையாட்டுப் போதும் தங்கச்சி. டின் விழுத்துதல், வளையம் எறிதல், மீன் பிடித்தல். டின்மீன் டின் ஆறு சேருங்கள். வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் மடக்கித் தட்டி, மேலே தடித்த டேப் ஒட்டிய பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். கீழே மூன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று. பந்துக்குப் பழைய ஜீன்ஸ் கால்துணியில் சின்னப் பை தைத்து ஒரு கைப்பிடி பயறு போடுங்கள். பை உருண்டு ஓடாது, யார் மேலாவது பட்டாலும் நோகாது. கச்சான் காற்று வீசும் நாளென்றால், கீழ் டின்களுக்குள் கொஞ்ச மணலைச் சொப்பிங் பையில் முடிந்து வையுங்கள்.

வளையத்தை எதில் செய்வது? (மூதூர்)

பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் குழாய்தான் நல்லது, தம்பி. 63 சென்ரிமீற்றர் வெட்டி, இரண்டு முனைக்குள்ளும் ஒரு சின்னத் தடியைச் செருகி இணைத்தால் 20 சென்ரிமீற்றர் அகலத்தில் வளையம் வரும். மணல் நிரப்பிய சோடாப் போத்தலில் தாராளமாக விழும்.

எவ்வளவு தூரத்தில் கோடு போடுவது? (சல்லி)

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வருடம் என் காலடியால் நாலு எட்டு வைத்து ஒரே கோடாகப் போட்டுவிட்டேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வென்றுகொண்டே இருந்தார்கள். நாலு வயதுச் சின்னன் ஒன்று மூன்று தரம் எறிந்தது. ஒன்றும் படவில்லை. அதன்பிறகு அது எந்த விளையாட்டுக்கும் வரவில்லை, அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. இன்றைக்கும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

இப்போது மூன்று கோடு போடுகிறேன். தூரத்தை அந்தந்த வயதுப் பிள்ளையின் காலடியாலேயே அளக்கிறேன். முதல் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு எறிய விடுவேன். இரண்டு எறிக்கு ஒன்று பட்டால் கோடு சரி. எல்லாமே பட்டால் சலித்துவிடும், ஒன்றுமே படாவிட்டால் போய்விடுவார்கள்.

மீன் பிடிக்கும் விளையாட்டுக்குச் சின்னக் காந்தம் வாங்கலாமா? (கிண்ணியா, பெருநாள் ஏற்பாட்டுக்காக)

சின்னக் காந்தம் வேண்டவே வேண்டாம். பிள்ளை இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடல் சுவரை நசுக்கித் துளைத்துவிடும். உயிருக்கே ஆபத்து. பழுதான ஸ்பீக்கரில் இருக்கும் பெரிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் இறுக்கிக் கட்டுங்கள், மட்டை மீன்களில் பேப்பர் கிளிப் மாட்டுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கிளிப்பும் கூடாது. மீனின் வாயில் கயிற்று வளையம் கட்டி, கம்பியை வளைத்த மொட்டைக் கொக்கியால் எடுக்க விடுங்கள். சாளை, சூடை, பாரை என்று ஒவ்வொரு மீனிலும் பெயர் எழுதிவிட்டால், பிடித்ததும் சத்தமாகச் சொல்வார்கள்.

பலூனைக் குத்தி உடைப்பது? (உவர்மலை)

நான் செய்வதில்லை. ஊசியும் ஆபத்து, உடைந்த பலூன் துண்டு தொண்டையில் அடைப்பது அதைவிட ஆபத்து.

ஆணி அடித்த சாய்வுப் பலகையில் போளை (கண்ணாடிக் குண்டு) உருட்டினோம், பெரிய பரிசு சீக்கிரமே முடிந்துவிட்டது. ஏன்? (நிலாவெளி)

பெரிய பரிசை நடுக்குழியில் வைத்திருப்பீர்கள். மேலிருந்து 1, 2, 3, 4 என்று நாலு வரிசை ஆணி அடித்தால் கீழே ஐந்து குழி. போளை போக 16 வழி உண்டு. நடுக்குழிக்கு 6, அதன் இரு பக்கத்துக்கும் நாலு நாலு, ஓரக் குழிகளுக்கு ஒவ்வொன்றுதான். பெரிய பரிசை ஓரத்தில் வையுங்கள். நடுவிலும் ஒரு ரொபியாவது இருக்கட்டும். வெறும் குழி வைக்காதீர்கள்.

எங்கள் மகனுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அவனும் சேர முடியுமா? (திருகோணமலை நகரம்)

கட்டாயம் சேர வேண்டும் அக்கா. யானைக்குக் கண் வைக்கும் விளையாட்டில் எல்லோருடைய கண்ணையும்தானே கட்டுகிறோம். யானையின் உருவத்தைச் சுற்றித் தும்புக் கயிறு ஒட்டிவிடுங்கள், எல்லோரும் விரலால் தடவித் தேடட்டும். டின் விளையாட்டில் ஒருவர் டின்களுக்குப் பின்னால் நின்று மணி அடித்தால் அந்தத் திசைக்கு எறிவான். விழுகிற சத்தம் அவனுக்கும் கேட்கும். மணி அடிக்கும் வேலையை ஒவ்வொரு பிள்ளைக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள், அதற்கும் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள்.