டாஸ்மேனியா போகிறீர்களா? சேலத்துக்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

டாஸ்மேனியா ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தீவு மாநிலம். அதன் தலைநகர் ஹோபார்ட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். டாஸ்மாக் ஜோக் அடித்தவர்களுக்குப் பதில் கிடையாது.

அஸ்தம்பட்டி: ஏப்ரல், மே லீவில் போகலாமா சார்?

தாராளமா. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அங்கே இலையுதிர் காலம். ஏப்ரல் கடைசியில் க்ரேடில் மலையிலும் மவுண்ட் ஃபீல்டிலும் ஃபாகஸ் மரங்கள் நிறம் மாறும். பொரித்த அப்பளம் போலச் சுருக்கம் விழுந்த குட்டி இலை. மஞ்சளாகி, தாமிரமாகி, சிவந்து உதிரும். ஏற்காட்டு ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். க்ரேடிலில் டிசம்பரில்கூடப் பனி விழும், அது அவர்களுக்குக் கோடை. மழையும் காற்றும் புகாத ஜாக்கெட் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை: பையன் ஹோபார்ட்டில் இருக்கான் தம்பி. நாலு மல்கோவா கொண்டுபோகலாமா?

கூடாதுங்கம்மா. இங்கிருந்து பழம் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே போகாது. மெல்போர்னில் வாங்கிய ஆப்பிளைக்கூட டாஸ்மேனியாவுக்குள் விடமாட்டார்கள். பழ ஈ அண்டாத தீவு, அந்தக் கவலை அவர்களுக்கு. பெட்டியை மோப்ப நாய் முகரும். பச்சைக் கறிவேப்பிலை, பால்கோவாவும் வேண்டாம். தட்டுவடை கொண்டுபோனால் விமானத்தில் தரும் பயணி அட்டையில் உணவு இருக்கிறது என்று எழுதிக் காட்டிவிடுங்கள். மறைத்தால்தான் அபராதம்.

குகை: அங்கே என்ன சாப்பிடலாம்?

ஹோபார்ட் படகுத்துறையில் சிப்பி, மீன். பேக்கரியில் ஸ்காலப் பை (ஒருவகைச் சிப்பிச் சதை அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்) கேளுங்கள். உள்ளே கறித்தூள் போட்ட குழம்பு, நம் நாக்குக்குக் காரமே இல்லை. சனிக்கிழமை சலமான்கா சந்தை. ஹுவான் பள்ளத்தாக்கில் ரோட்டோரம் ஆப்பிளைப் பைகளில் கட்டி அடுக்கி, பக்கத்தில் காசுப் பெட்டி வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது. காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அழகாபுரம்: நாங்க சுத்த சைவம்.

சமையலறை உள்ள கேபின் எடுங்கள். ஹோபார்ட் தாண்டினால் இட்லியை மறந்துவிடுங்கள்.

சூரமங்கலம்: காரா, பஸ்ஸா?

கார். நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். வாலபி (சின்னக் கங்காரு மாதிரி), வாம்பாட் எல்லாம் அப்போதுதான் ரோட்டுக்கு வரும். வாம்பாட் உருண்டு திரண்ட உடம்பு, மோதினால் காருக்கும் சேதம்.

ஜங்ஷன்: மாம்பழத்தை வெட்டி டப்பாவில் போட்டால்?

மேலே செவ்வாய்ப்பேட்டை அம்மாவுக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

மேட்டூர்: காட்டைக் காப்பாத்தறோம்னு அணையைத் தடுத்த ஊர்தானே? மேட்டூர் அணை இல்லேன்னா டெல்டாவுக்குச் சோறு ஏது?

அண்ணே, அணையே வேண்டாம் என்ற ஊர் இல்லை அது. இன்றும் அவர்கள் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம்தான். 1972இல் மின்சாரத்துக்காக பெடர் ஏரியை, அதன் மணற்கரையோடு, மூழ்கடித்தார்கள். அந்தக் கசப்பில்தான், ஃப்ராங்க்ளின் ஆற்றை மூழ்கடிக்கும் அடுத்த அணைத் திட்டத்தை எதிர்த்து ஜனம் திரண்டது. 1982 டிசம்பரில் மறியல்; ஆயிரத்துக்கும் மேல் கைது. அதே மாதம் அந்தக் காடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 1983 ஜூலையில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (நம் உச்ச நீதிமன்றம் மாதிரி) நாலுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொல்ல, அணை நின்றது.

மேட்டூர்: இங்கேயும் ஊர் முழுகிச்சு. தண்ணி வத்தினா பண்ணவாடியில நந்தி தலை தெரியுது. யாரு மறியல் பண்ணா?

யாரும் இல்லை. 1934இல் முடிந்த அணை, வெள்ளைக்காரன் காலம்; இடம் பெயர்ந்தவனைக் கேட்க ஆளில்லை. ஆனால் மேட்டூர் வயலுக்குத் தண்ணீர், ஃப்ராங்க்ளின் வெறும் மின்சாரம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஏற்காடு: எங்க மலையில பாக்சைட் வெட்டினப்போ இப்படி ஒரு கூட்டம் வந்திருந்தா!

அதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும். ஆற்றைப் பார்க்க ஆசை இருந்தால் ஸ்ட்ரானில் கார்டன் நதிப் படகு ஏறுங்கள். இரண்டாயிரம் வயது தாண்டும் ஹுவான் பைன் மரங்கள் உள்ள காடு. ஃப்ராங்க்ளினை லயல் நெடுஞ்சாலையே கடக்கிறது, இறங்கிக் கால் நனைக்கலாம்.

குகை: புலி இருக்கா?

நம் புலி இல்லை, டாஸ்மேனியப் புலி என்று முதுகில் வரி போட்ட, வயிற்றில் பை உள்ள வேறு விலங்கு. கடைசியாகத் தெரிந்தது 1936இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் செத்தது.

கிச்சிப்பாளையம்: விசா எத்தனை நாளில் வரும்?

ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் பாருங்கள். வந்தபிறகு போர்ட் ஆர்தர் சிறைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், 1830இல் தொடங்கிய கைதிக் குடியிருப்பு. திரும்பும்போது இருட்டிவிடாமல் கிளம்புங்கள்.

ஜங்ஷன்: மாங்காய் ஊறுகாய்?

உணவு என்று எழுதிக் காட்டுங்கள். இனி மாம்பழக் கேள்விக்குப் பதில் வராது.