டார்ச் லைட்டுக்கு உயிர் பேட்டரிதான்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மழைக்கால மின்தடையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டார்ச் லைட்டைப் பற்றித்தான். பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வராத டார்ச் வகையே கிடையாது. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகளோடு தாமான் வீட்டில் இருக்கிறோம். மழை வலுத்தால் கரண்ட் போய்விடுகிறது. இதுவரை கைப்பேசி வெளிச்சம்தான். ஐம்பது ரிங்கிட்டுக்குள் நல்ல டார்ச் லைட் கிடைக்குமா, ஐயா? – வாசகி, பட்டர்வொர்த்

கிடைக்கும், தங்கச்சி. ஆனால் அந்தப் பணம் முழுவதையும் ஒரே பெரிய டார்ச்சில் போட்டுவிடாதீர்கள். ஒரு டபுள் ஏ பேட்டரியில் எரிகிற சின்ன டார்ச்சாக இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் அறையில் இருக்கட்டும். இன்னொன்று மாமியார் படுத்தபடியே கை நீட்டி எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். டார்ச் எங்கே என்று இருட்டில் தடவிக்கொண்டு நடக்கிற அந்தச் சில அடிகளில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள்.

வெளிச்சம் 100 முதல் 150 லூமென் (டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) இருந்தால் வீட்டுக்குத் தாராளம். டார்ச்சைத் தரையிலோ மேசையிலோ நிமிர்த்தி வைத்து, வெள்ளைச் சீலிங்கில் அடிக்க விட்டுப் பாருங்கள். வெளிச்சம் பரவி இறங்கி அறை முழுவதும் தெரியும். யார் கண்ணிலும் குத்தாது. வால் பக்கம் சுவிட்ச் துருத்திக்கொண்டு டார்ச் நிற்க மறுத்தால், ஒரு கண்ணாடி டம்ளருக்குள் இறக்கி வையுங்கள். குறைந்த வெளிச்சத்தில் எரிகிற மோட் ஒன்று கட்டாயம் வேண்டும். நடு இரவில் கழிவறைக்குப் போக 5, 10 லூமென் போதும்.

டபுள் ஏ என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூஎஸ்பி டார்ச் நல்லதுதான், ஆனால் கரண்ட் நாள் முழுக்க வராவிட்டால் அதை எதில் சார்ஜ் செய்வது? டபுள் ஏ பேட்டரி மூலைக்கடையிலும் கிடைக்கும், சுவர்க் கடிகாரத்திலிருந்தும் கழற்றிக்கொள்ளலாம்.

சாதாரண ஆல்கலைன் பேட்டரியை மட்டும் டார்ச்சுக்குள் போட்டு அலமாரியில் மறந்துவிடாதீர்கள். என் மேசைக்கு வரும் 'செத்துப்போன' டார்ச்சுகளில் நிறைய இந்த வகைதான். பின்மூடி திருக வராது. இடுக்கி வைத்துத் திருகினால் மரைகளிலிருந்து வெள்ளைப் பொடி உதிரும். ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். பேட்டரி ஊதிப்போய்க் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளிருந்து கசிந்தது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவைத்தால் சில டார்ச் பிழைக்கும், பல பிழைக்காது. துடைக்கும்போது கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி வாங்கிவிடுங்கள். பத்து கவான் இக்கேயாவில் விற்கும் 'லாடா' பேட்டரியும், 'எனலூப்' பேட்டரியும் இந்த வகை. சார்ஜ் செய்து வைத்தால் பல மாதம் தாங்கும், கசிவதும் மிக அரிது.

இன்னொன்று, வெளிச்சத்தின் நிறம். மலிவான டார்ச் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளை, 6500 கெல்வினும் அதற்கு மேலும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம் கூடும். என் தொழிலில் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் படித்தாக வேண்டும். அந்த நீல வெளிச்சத்தில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும். உங்கள் மாமியாருக்கு மாத்திரையின் நிறம் தெரிய வேண்டாமா? 4000 முதல் 5000 கெல்வின் என்று போட்டிருப்பதை எடுங்கள். சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90 என்றும் இருந்தால் விடவே விடாதீர்கள்.

பெயர் கேட்பீர்கள் என்று தெரியும். சோஃபிர்ன் எஸ்பி10 ப்ரோ டபுள் ஏ-யில் எரியும், நல்ல சரக்கு. ஆனால் ஒரே பட்டனை ஒரு தடவை, மூன்று தடவை, அழுத்திப் பிடித்து என்று ஏகப்பட்ட கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சரி, மாமியாருக்கு வேண்டாம். அவருக்கு அழுத்தினால் எரிந்து, அழுத்தினால் அணைகிற சாதாரண டார்ச்தான் சரி.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 25 ரிங்கிட்டுக்கு '100000 லூமென்' டார்ச் விற்கிறார்கள். உண்மையா? – வாசகர், சுங்கை பக்காப்

பொய், தம்பி. கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நல்ல எல்இடி, சர்க்யூட்டில் வீணாவது போக, ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தரும். அப்படியென்றால் 100000 லூமெனுக்கு 1000 வாட் வேண்டும். அது இஸ்திரிப்பெட்டி இழுக்கும் கரண்ட்; அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியுமா? காரில் போடும் எச்4 ஹாலஜன் பல்பு ஹைபீமில் 1650 லூமென். இரண்டு பல்புக்கு 3300. அந்த 25 ரிங்கிட் டார்ச் முப்பது கார்களின் ஹைபீமை மொத்தமாக வீச வேண்டும்!

உள்ளே திறந்தால் 'டி6' எல்இடி என்பார்கள். க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் எல்இடியை வெளிச்ச அளவின்படி பிரிக்கும்போது ஒரு பிரிவுக்கு வைத்த குறி அது. அசல் எக்ஸ்எம்-எல்லே 10 வாட் கொடுத்தால்தான் 1000 லூமெனைத் தொடும். பாசாரில் விற்பவற்றில் பெரும்பாலும் அதன் நகல்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது அதில் போட்டிருக்கும் பேட்டரி. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவுக்குள் நல்ல நிறுவனங்களே 3500 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) சொச்சம்தான் அடைக்கின்றன. '9900 எம்ஏஎச்' என்று உறை போட்டிருந்தால் அது ஏமாற்று, வேறு விளக்கமே வேண்டாம். நல்ல செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள், போலி பல நேரம் 30 கிராம்கூட வராது. இவை சூடாகும், வீங்கும், தீயும் பிடிக்கலாம். லித்தியம் டார்ச் எதையும் மெத்தையிலோ சோபாவிலோ வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். டைல்ஸ் தரைதான் சரியான இடம், வீட்டில் ஆளும் விழித்திருக்க வேண்டும்.

கேள்வி: பிறையில் தொழிற்சாலைப் பாதுகாவலராக இருக்கிறேன். ஒரு டார்ச் 600 லூமென், 10000 கேண்டெலா. இன்னொன்று 1000 லூமென், 3600 கேண்டெலா, இரண்டரை மணி நேரம் எரியும் என்கிறார்கள். விலை ஒன்றுதான். எதை வாங்க? – வாசகர், பிறை

இப்படிக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லவே உற்சாகமாக இருக்கிறது. பெட்டியைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அது எவ்வளவு குவிந்து ஒரு பக்கமாகப் போகிறது என்பது. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று 2009-இல் வந்த தர அளவுமுறை இருக்கிறது. அதன்படி வெளிச்சம் 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) குறையும் இடம்தான் 'வீச்சு தூரம்'. கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் அந்த தூரம் மீட்டரில் வந்துவிடும். முதலாவதுக்கு 200 மீட்டர். இரண்டாவதுக்கு 120. ஆனால் 0.25 லக்ஸ் என்பது பௌர்ணமி நிலவு அளவுதான். அந்த தூரத்தில் ஆள் நிற்பது தெரியலாம், முகம் தெரியாது. பாதி தூரத்தில் நாலு மடங்கு வெளிச்சம் கிடைக்கும், அதைத்தான் நம்பலாம்.

'இரண்டரை மணி' என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அதே அளவுமுறையில், எரியவிட்டு 30 விநாடி கழித்து இருந்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை நேரத்தை எண்ணிக்கொள்ளலாம். 1000 லூமெனில் தொடங்கி, சூட்டினால் சில நிமிடத்திலேயே 300-க்கு இறங்கி, அப்படியே இழுத்துக்கொண்டு போனாலும் அது இரண்டரை மணிதான். 18650 செல் ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி சக்தி இருக்கிறது. 1000 லூமெனை விடாமல் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

வேலி ஓரத்தையும் லாரி நிறுத்துமிடத்தின் கோடியையும் பார்க்க வேண்டிய உங்களுக்கு முதலாவதுதான். 600-க்கும் 1000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் அவ்வளவாக உணராது. இரண்டு மடங்கு வெளிச்சம் என்று தோன்றவே ஏறக்குறைய நாலு மடங்கு லூமென் தேவை. வாங்குமுன் மிதமான மோடில் வைத்து, வெளிச்சத்துக்கு முன்னால் விரல்களை வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் துண்டு துண்டாக, பலவாகத் தெரிந்தால் மட்டமான சர்க்யூட், கண் நோகும். மோட் மாற்றும்போது நடுவில் மின்னி மின்னி எரியும் மோடைக் கடந்துதான் போக வேண்டும் என்றாலும் வேண்டாம். மழையில் ரோந்து போவதால், தண்ணீரைத் தாங்கும் திறனைச் சொல்லும் தர எண் ஐபிஎக்ஸ்4-ஆவது வேண்டும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்கும். 2017 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்தவற்றில், முன்கண்ணாடியை இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச்சுகளுக்குள்தான் அதிகம் சேறு புகுந்திருந்தது.

பழுது பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது கான்வாய் எஸ்2+. திருகித் திறக்கலாம், சுவிட்ச், எல்இடி, சர்க்யூட் எல்லாம் தனித்தனியாக வாங்கி மாற்றலாம்.

கேள்வி: டார்ச்சிலேயே மடக்கு பிளக் இருக்கிறது, இரண்டு முள். நம் மூன்று துளை சாக்கெட்டில் மேல் துளையில் பேனாவைக் குத்திச் செருகுகிறோம். தவறா? – வாசகி, சுங்கை பூலோ

அம்மா, இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த டார்ச்சுக்குள் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு கப்பாசிட்டரும் நாலைந்து டையோடும்தான். சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் பேட்டரி முனை வரை வீட்டுக் கரண்ட் நேரடியாக நிற்கும். உடல் விரிசல் விட்டிருந்தால் கை வைத்தவர் கதி என்ன? இவற்றில் பல 4 வோல்ட் ஈய அமில பேட்டரிகள், காலியாக வைத்தால் சல்பேட் படிந்து சில மாதத்தில் செத்தும் விடும். மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு யூஎஸ்பி டார்ச் ஒன்று வாங்குங்கள். வுர்க்கோஸ் எஃப்சி11 நல்லது, யூஎஸ்பி-சி சார்ஜ், சிஆர்ஐ 90, வாலில் காந்தம். ஃபியூஸ் பாக்ஸ் கதவில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம்.

கேள்வி: விடிவதற்கு முன் கொடிமலை ஏறுகிறேன். கையில் பிடிக்கும் டார்ச்சா, தலையில் மாட்டுவதா? – வாசகர், ஜார்ஜ்டவுன்

தலையில் மாட்டுவதுதான். என் அம்மா கெடாவில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கருக்கலில் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். கார்பைடில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும், அது எரியும். ஒரு கையில் உளி, மறு கை மரத்தில். விளக்குக்குக் கை ஏது? ஏறும்போதும் அப்படித்தான், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். 100 முதல் 200 லூமென் போதும். எடை குறைவாக, பட்டை வியர்வைக்கு நனைந்தாலும் துவைக்கக்கூடியதாகப் பாருங்கள்.

மேலே பனிமூட்டம் இறங்கினால் மட்டும் அதைக் கழற்றி இடுப்புக்குக் கீழே பிடியுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் வெளிச்சம் பனியில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்பும், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்த்திப் பிடித்தால் பாதையும், படியின் விளிம்பும், வேரும் நிழலோடு தெளிவாகத் தெரியும்.

கேள்வி: திருச்சிக்கு விமானத்தில் டார்ச் கொண்டுபோகலாமா? – வாசகி, பாயான் லெப்பாஸ்

கொண்டுபோகலாம். உபரி லித்தியம் பேட்டரி இருந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், இல்லையென்றால் இரு முனையிலும் டேப் ஒட்டுங்கள். டார்ச்சுக்குள் இருக்கும் பேட்டரிக்கு, வால் மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். பல டார்ச்சுகளில் அதிலேயே தொடர்பு அறுந்துவிடும். தளர்த்திய பிறகு சுவிட்சை அமுக்கிப் பாருங்கள். எரியவில்லையென்றால் சரி, எரிந்தால் பேட்டரியை வெளியே எடுத்து உறையில் போட்டுவிடுங்கள்.