ஆறு கோழிக்கு ஒரே காரணம் தேடாதீர்கள்

கேள்வி: வீட்டுப் பின்பக்கம் ஆறு கோழிகள் வளர்க்கிறேன். ஒன்றரை வயது ஆகிறது. தினமும் நாலைந்து முட்டை கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஓடும் மெலிசாக இருக்கிறது. ஒரு கோழி முட்டைப் பெட்டியை விட்டு எழுந்திருப்பதே இல்லை, கையை நீட்டினால் கொத்த வருகிறது. இரண்டுக்கு இறகு கொட்டுகிறது. தானியமும் சமையல் மிச்சமும்தான் தீனி. எந்த டானிக் கொடுத்தால் பழையபடி முட்டையிடும்?

பதில்: டானிக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஆறு கோழியும் சேர்ந்து முட்டையைக் குறைத்துவிட்டதாக நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. ஒன்று அடையில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு இறகு உதிர்க்கின்றன. இந்த மூன்றும் இப்போது முட்டையிடாது. மீதி மூன்றுதான். நன்றாக இடும் கோழியும் எல்லா நாளும் இடாது. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதனால் இடும் நேரம் தினமும் கொஞ்சம் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் ஒரு நாள் விட்டுப்போகும். மூன்று கோழிக்கு இரண்டு முட்டை என்றால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றே ஒன்று கிடைக்கும் நாளுக்கும் மெலிசான ஓட்டுக்கும்தான் காரணம் தேட வேண்டும்.

முதலில் யார் இடுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். இருட்டியபின், கோழிகள் கம்பில் ஏறி அடைந்ததும், இறகு உதிர்க்கும் இரண்டையும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கக்கத்தில் அணைத்துக்கொள்ளுங்கள். தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வாலுக்குக் கீழே, இரண்டு பக்கமும் கூராக இரண்டு எலும்பு முனை தட்டுப்படும். இடுகிற கோழிக்கு அந்த இடைவெளியில் இரண்டு மூன்று விரல் வைக்கலாம். எச்சத்துளை அகலமாக, ஈரமாக இருக்கும். இடாத கோழிக்கு ஒரு விரல்கூடச் சிரமம், துளையும் சுருங்கிக் காய்ந்திருக்கும். பார்த்தவுடன் காலில் ஆளுக்கொரு நிறத்தில் வளையம் மாட்டிவிடுங்கள். மறுநாள் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

இடுகிற கோழி மூன்று இருந்தும் முட்டை ஒன்றுதான் என்றால், புதரடியில் ஒளித்து இடுகிறதா என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலான முட்டை மதியத்துக்குள் இடப்பட்டுவிடும். மூன்று நாள் மதியம் வரை கூட்டிலேயே அடைத்து வைத்துப் பாருங்கள். காணாமல் போன முட்டை பெட்டிக்குள் திரும்பி வந்துவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்தது.

சரி, அடைக்கோழிக்கு வருவோம். குஞ்சு வேண்டுமா, முட்டை வேண்டுமா? சேவல் சேராத முட்டையில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் குஞ்சு வராது. கருவுள்ள முட்டையை வைத்தால் 21 நாளில் பொரித்துவிடும். குஞ்சு வேண்டாமென்றால் சீக்கிரம் அடையைக் கலைத்துவிடுங்கள், ஏனென்றால் அது ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து ஏதோ பேருக்குக் கொத்திவிட்டு ஓடிப்போய் மறுபடி உட்காரும், எடை சரசரவென்று இறங்கும். அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, தீனியும் தண்ணீரும் வைத்து, மூன்று நாலு நாள் அதில் விடுங்கள். வைக்கோல் எதுவும் போட வேண்டாம். வயிற்றுக்கு அடியில் காற்றோட்டம் இருந்து சூடு தணிந்தால்தான் அடை போகும். திறந்துவிட்டதும் பெட்டியைத் தேடி ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டில் வையுங்கள். மற்றவற்றோடு சேர்ந்து கிளற ஆரம்பித்தால் கலைந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரில் முக்கி எடுக்கும் பழக்கம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோழி மிரள்வதுதான் மிச்சம்.

இறகு உதிர்வதற்கு மருந்து தேவையில்லை. ஒன்றரை வயது வாக்கில் முதல் பெரிய உதிர்வு வருவது இயல்பு. தலை, கழுத்து என்று ஆரம்பித்து வால் வரை வரும். முழுதாக முளைக்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். புது இறகு முள்ளாக முளைக்கும்போது தொட்டால் வலிக்கும், அந்தக் கோழிகளைத் தூக்காதீர்கள். முதுகிலோ பின்பக்கத்திலோ மட்டும் வட்டமாக வழுக்கை விழுந்திருந்தால் அது வேறு. ஒன்றையொன்று கொத்துகின்றன, அல்லது பேன்.

உண்மையான குறை தீனியில்தான் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தானியத்தில் அது கிட்டத்தட்ட இல்லை. கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டுகிறது. அது தீரத் தீர ஓடு மெலிகிறது, பிறகு முட்டையே நிற்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதமும் 3.5 முதல் 4 சதவீதம் சுண்ணாம்புச்சத்தும் இருக்கும். கோழி ஒன்றுக்கு நாளைக்கு 100 முதல் 120 கிராம் அதைக் கொடுங்கள். தானியமும் மிச்சமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். இறகு என்பதே பெரும்பாலும் புரதம்தான், ஆக உதிர்க்கும் இரண்டுக்கும் இந்த மாற்றம் உதவும்.

இதோடு உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீவனத்தில் கலக்காதீர்கள். தேவைப்பட்ட கோழி மட்டும் தின்னட்டும். மாவாகப் பொடிக்காமல் துண்டாகவே இருக்க வேண்டும். ஓட்டில் பெரும்பகுதி கோழி தூங்கும் இரவில்தான் கட்டப்படுகிறது. துண்டு அரைவைப்பையில் தங்கி மெல்ல மெல்லக் கரையும், தூள் இரவு வருவதற்கு முன்பே கரைந்து போய்விடும். குஞ்சுகளும் வளரும் கோழிகளும் இருந்தால் முட்டைக்கோழித் தீவனம் அவற்றுக்கு ஆகாது. அவ்வளவு சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வெயில் காலமாக இருந்தால் நிழலையும் தண்ணீரையும் கவனியுங்கள். வாயைத் திறந்து இரைக்கிற கோழிக்கு எவ்வளவு நல்ல தீவனம் போட்டாலும் ஓடு மெலியும். பகல் நீளம் வெகுவாகக் குறையும் ஊராக இருந்தால் வெளிச்சமும் ஒரு காரணம், 14 மணி நேரமாவது வேண்டும்.

இரவில் டார்ச்சோடு ஒரு தடவை கூட்டுக்குள் போய்ப் பாருங்கள். கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கறை தீற்றினால் செவ்வுண்ணி. பகலில் கோழியின் மேல் தேடினால் ஒன்றும் கிடைக்காது, நானே ஒருமுறை அப்படித் தேடி ஏமாந்து இரண்டு வாரம் வீணாக்கியிருக்கிறேன். அது மர இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். கூட்டைக் காலிசெய்து இடுக்கெல்லாம் சுத்தம் செய்து, கோழிக்கூட்டுக்கென்றே உள்ள மருந்தை அடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடியுங்கள், இல்லையென்றால் உண்ணியின் முட்டையிலிருந்து வந்தவை மிஞ்சிவிடும். எந்த மருந்தானாலும் அதற்குப் பின் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதை உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பொறுமையாகச் செய்யலாம். ஆனால் கழுத்து திருகுவது, மூச்சு இழுப்பது, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிவது, கொண்டை கறுத்துப்போவது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அந்தக் கோழியை உடனே தனியாக வைத்துவிட்டு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். திடீரென்று ஒன்றுக்கு மேல் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, என்ன தீனி போட்டீர்கள், எந்த நிற வளையக் கோழி எப்போது முட்டையை நிறுத்தியது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.