சாருக்கும் மேடத்துக்கும் நடுவில் நான்

கேள்வி: கோவை வடவள்ளியில் ஒரு வீட்டில் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேனுங்க, மூணு வருஷமாச்சு. பாப்பாவுக்கு இப்போது நாலு வயசு. சாரும் மேடமும் விவாகரத்துக்குப் போய்விட்டார்கள். சார் பீளமேட்டில் தனி வீடு எடுத்திருக்கிறார். சனி, ஞாயிறு பாப்பாவோடு நானும் அங்கே போகணும், சமையல், துணி எல்லாம் என் தலையில்தான், சம்பளம் மட்டும் பழையதே. அதுகூடப் பரவாயில்லைங்க. "வீட்டுக்கு யாரு வந்துட்டுப் போறாங்க?" என்று அவர் கேட்கிறார், "அங்க என்ன நடக்குது, சொல்லு கண்ணு" என்று இவங்க. போன வாரம் ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்தும் கேட்டார்கள். பாப்பாவை விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. என்ன செய்யட்டுங்க அக்கா?

பதில்: அம்மிணி, முதலில் அந்தப் பேப்பர். போடாதீங்க, யார் நீட்டினாலும். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் அது வேறு, போய்த்தான் ஆகணும், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதும். 5 வயசு முடியாத குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்கணும் என்று 1956-ஆம் வருஷத்து இந்து காப்பாளர் சட்டம் சொல்கிறது, அதை மாற்ற சார் பக்கம் காரணம் தேடுவார்கள், அதனால் "மேடம் நேத்து லேட்டா வந்தாங்க" என்று நீங்கள் விளையாட்டாகச் சொன்னதுகூட "குழந்தையைச் சரியாகப் பார்ப்பதில்லை" என்று வழக்கில் போய் நிற்கும்.

இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள்: "பாப்பா சாப்பிட்டாளா, தூங்கினாளான்னு கேளுங்க, சொல்றேன். அந்த வீட்டுப் பேச்சு மட்டும் எங்கிட்ட வேண்டாமுங்க, அவங்க கேட்டாலும் இதேதான் சொல்வேன்." மூன்று பேரும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப் போடச் சொல்லிவிட்டு, காய்ச்சல், மருந்து எல்லாவற்றையும் அதிலேயே போடுங்கள். பாப்பாவை யார், எந்த நாளில் கூட்டிப்போவது என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் ஒருத்தர் வாசலில் வந்து நின்றால் நீங்களாக எதுவும் முடிவெடுக்காமல் அங்கேயே நின்று இன்னொருத்தருக்குப் போன் போடுங்கள்.

பீளமேட்டு வேலைக்குத் தனிச் சம்பளமும் பஸ் காசும் கேளுங்கள், இதில் கூச்சமே வேண்டாம். சமையல் வேண்டுமென்றால் பாப்பாவுக்கு மட்டும், சாரின் சட்டையை நீங்கள் எதற்குத் துவைக்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை! "கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கலாம்" என்றும் இருந்துவிடாதீர்கள், இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து கேட்டாலே நடுவில் 6 மாதம் விடுவது வழக்கம் (வேண்டாமென்றால் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது), குழந்தைக்காகச் சண்டை என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும். அப்புறம், வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? 2007-லிருந்தே இருக்கிறது, இல்லையென்றால் பதிந்துவிடுங்கள்.

பாப்பா "அப்பா ஏன் இங்க இல்ல?" என்று உங்களிடம்தான் முதலில் கேட்பாள். நீங்களாக ஒரு கதை சொல்லாமல் "அம்மாகிட்டக் கேக்கலாம் சாமி" என்று சொல்லிவிட்டு, அவள் கேட்டதை அன்றைக்கே குரூப்பில் போட்டுவிடுங்கள், என்ன பதில் என்று அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யட்டும்.