ஃபிளவர்ஹார்ன் என்று வாங்கியது ரெட் டெவிலா? பெரிய சிக்லிட் மீன்கள் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடையில் ஃபிளவர்ஹார்ன் குஞ்சு என்று சொல்லித்தான் நாலு மீன் கொடுத்தார்கள். அப்போது ஒரு இன்ச், இப்போது நாலு இன்ச். ஃபிளவர்ஹார்னுக்கு வரும் தலைப் புடைப்பே இல்லை. ஒன்று மட்டும் சாம்பல் நிறம் போய் ஆரஞ்சாக மாறுகிறது, அதுதான் மற்ற மூன்றையும் மூலையில் ஒதுக்கி வாலைக் கடிக்கிறது. தொட்டி இரண்டு அடி நீளம். தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்று கடையில் சொன்னார்கள். இது என்ன மீன், பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும் என்ற பேச்சை முதலில் மறந்துவிடுங்கள். இதை நம்பி எத்தனை பேர் மீனைச் சாகக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. சின்னத் தொட்டியில் கழிவு சீக்கிரம் சேரும், அம்மோனியாவும் நைட்ரேட்டும் ஏறும், அதனால் மீனின் வளர்ச்சி குன்றிப்போகும், சிலவற்றுக்கு முதுகே வளைந்துவிடும். நோயில் வளராமல் நிற்கிற மீனைத்தான் தொட்டிக்கு ஏற்ற மீன் என்கிறார்கள்.

இனி அடையாளம். நிறம் மாறுகிறது என்பதை மட்டும் வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஃபிளவர்ஹார்ன் இயற்கையில் இருக்கும் மீனே இல்லை, 1990-களில் மலேசியாவில் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் மத்திய அமெரிக்க வகைகளைக் கலந்து உருவாக்கியது. அதனால் நல்ல ஃபிளவர்ஹார்னிலும் சில குஞ்சுகள் கறுத்து, அப்புறம் தோல் உரிந்த மாதிரி ஆரஞ்சாகும். ரெட் டெவில், மைடாஸ் என்ற சிக்லிட்களும் அப்படியேதான் மாறும். எனவே விளக்கைப் போட்டு மீனைப் பக்கவாட்டில் பாருங்கள். விலாவில் முத்து தெளித்த மாதிரி மினுங்கும் புள்ளிகள், வாலிலிருந்து உடம்பின் நடுவரை ஒரே வரிசையில் கறுப்புத் திட்டுகள், இவை இருந்தால் ஃபிளவர்ஹார்ன் பக்கம் சாயலாம். முத்து எதுவுமே இல்லாமல், மூக்கு கூராக நீண்டு, உதடு தடித்துச் சதைப்பற்றாக இருந்தால் ரெட் டெவில். ஆரஞ்சாகாத மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரே கூடையில் வேறு வேறு மீன் கலந்து வருவது சாதாரணம். உடம்பின் நடுவில் ஒன்று, வால் அடியில் ஒன்று என இரண்டு கறுப்புப் பொட்டு இருந்தால் அது ஜாக் டெம்ப்சி என்ற சிக்லிட்டாக இருக்கலாம். கீழ்த்தாடை துருத்தி, வாய் பெரிதாக, விலா நெடுகத் திட்டுத் திட்டாக இருந்தால் ஜாகுவார் சிக்லிட், அது ஒரு அடியைத் தாண்டும். தலைப் புடைப்பை வைத்து இந்த வயதில் எதையும் முடிவு செய்யாதீர்கள். பெண் மீனுக்கு அது பெரிதாக வருவதே அரிது. ஒரு இன்ச் குஞ்சுக்கு "ஹெட் கேரண்டி" என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

எந்த மீனாக இருந்தாலும் இன்றே பிரித்து வையுங்கள். ஓட்டை போட்ட அக்ரிலிக் தட்டை நடுவில் வைத்துத் தடுக்கலாம், ஆனால் அது சில நாளைக்குத்தான். இரண்டுக்கு ஒன்று, உயரமும் ஒன்று என்றால் வெறும் 57 லிட்டர். ஒரு வளர்ந்த ஃபிளவர்ஹார்னுக்கோ ரெட் டெவிலுக்கோ நாலு அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை வேண்டும், அதிலும் ஒன்றே ஒன்று. மற்ற மூன்றையும் கடையிலேயே மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

பணம் என்றால், பில்லில் ஃபிளவர்ஹார்ன் என்று எழுதி, நான் மேலே சொன்ன அடையாளங்கள் முழுக்க ஒத்துப்போகாவிட்டால் கேட்க நியாயம் இருக்கிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். வெறும் "மீன்" என்று எழுதிய துண்டுச் சீட்டு என்றால் சண்டை போட்டுப் பயனில்லை, பேசி மாற்றுவதே நல்லது. அடுத்த முறை பில்லில் மீனின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: மூன்று இன்ச் ஆஸ்கர் சிக்லிட் இரண்டை "ஜோடி" என்று சொல்லி இரட்டை விலை கேட்கிறார்கள். வீடு இரண்டாம் மாடி. பழைய நாலு அடி தொட்டி ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: ஜோடிக்கு என்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்கரில் ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது, மூன்று இன்ச்சில் கேட்கவே வேண்டாம். டைகர், ரெட், அல்பினோ எல்லாம் ஒரே மீன்தான், விலை வித்தியாசம் நிறத்துக்கு மட்டும்.

நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் சுமார் 255 லிட்டர், கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும். அதனால் பால்கனியில் வைக்காதீர்கள், சுவரோரமாக, கீழே பீம் போகும் இடத்தில் வையுங்கள், சந்தேகம் இருந்தால் கட்டிய மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய தொட்டி என்றால் மூலையில் இருக்கும் சிலிகானை நகத்தால் நெருடிப் பாருங்கள், உரிந்து வந்தால் வேண்டாம். விற்பவர் வீட்டிலேயே முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அந்தத் தொட்டி ஒரு ஆஸ்கருக்குச் சரி. இரண்டு என்றால் இடம் போதாது, ஒவ்வொன்றும் ஒரு அடி வரை வளரும், பத்து வருஷத்துக்கு மேல் வாழும். மீனில் மிச்சம் பிடித்த காசை ஃபில்டரில் போடுங்கள். உள்ளே ஒட்டும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்குக் கட்டாது, பாக்டீரியா தங்கும் செராமிக் ரிங் நிறைய பிடிக்கிற கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) சம்ப்போ (தனித் தொட்டியில் அமைக்கும் ஃபில்டர்) வேண்டும். தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, கழிவை உடைக்கிற பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், மீனை அப்புறம் வாங்குங்கள். ஃபில்டர் பொருளைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரினில் அந்த பாக்டீரியா செத்துப்போகும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். உங்கள் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம், மூடியும் கட்டாயம், ஆஸ்கர் குதிக்கும்.

கேள்வி: பெரிதாகிவிட்ட சிக்லிட்டைப் பக்கத்து ஏரியில் விட்டால் அதற்கும் நல்லதுதானே?
(வாசகர், தாம்பரம்)

பதில்: விடாதீர்கள். ஜிலேபி கெண்டையும் சிக்லிட்தான், வெளியிலிருந்து வந்ததுதான், இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வாங்கிய கடையில் இலவசமாகவே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் மீன் வளர்ப்பவர்களிடம் கொடுங்கள். கூட ஒரு டேங்க் கிளீனர் (கண்ணாடியில் ஒட்டி பாசி தின்னும் மீன்) இருந்தால் அதையும் ஏரிப் பக்கம் கொண்டுபோகாமல் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.