மோதியவர் நீட்டும் பணம் வேண்டாம்: பினாங்கு சைக்கிளோட்டிகளின் கேள்விகளுக்குப் பதில்

விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் நான். விடுமுறை நாள் காலைகளில் தண்ணீர்மலைப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவனும்கூட. தீவிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஐயா, சமிக்ஞை விளக்கில் நின்றுகொண்டிருந்த என்னைப் பின்னாலிருந்து ஒரு கார் இடித்தது. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டு நூறு ரிங்கிட் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது தோளைத் தூக்க முடியவில்லை. இனி எதுவும் கேட்க முடியாதா?

பதில்: கேட்கலாம். "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் சிக்கல். நூறு ரிங்கிட்டை வாங்கியதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. இன்றே மருத்துவரைப் பாருங்கள். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுங்கள். ஏன் தாமதமானது, எவ்வளவு பணம் வாங்கினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்த உண்மை பின்னால் நீதிமன்றத்தில் வெளிவந்தால் மற்ற எல்லாவற்றையும் அது கெடுத்துவிடும்.

ஓட்டுநர்கள் ஏன் அவசரமாகப் பணத்தை நீட்டுகிறார்கள் என்பதை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, விபத்தில் சிக்கிய வாகன ஓட்டுநர் நிற்க வேண்டும், உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். புகார் செய்தால் சம்மன் வரலாம். அவருடைய காப்புறுதியிலிருந்து உங்களுக்கு இழப்பீடு போனால், பல ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த சந்தாக் கழிவை அவர் இழப்பார். சொந்தக் கார்களுக்கு அந்தக் கழிவு 55 விழுக்காடு வரை போகும். அவர் நீட்டும் நூறு ரிங்கிட் இந்தக் கணக்கில் வருவது. உங்கள் தோளுக்கு என்ன ஆனது என்பது அவருக்கும் தெரியாது, அந்த நிமிடத்தில் உங்களுக்கும் தெரியாது.

சைக்கிளுக்குக் காப்புறுதி இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அந்த மூன்றாம் தரப்பு நீங்கள்தான். காரின் எண் இருந்தால் காப்புறுதி நிறுவனத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பொதுவாக வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்துக் கடையின் கேமராப் பதிவு ஆறு ஆண்டுகள் காத்திருக்காது. சில நாள்களிலேயே அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். இன்றே போய்க் கேளுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): லெபோ பாசாரில் நிறுத்தியிருந்த கார் ஒன்றின் கதவு திடீரெனத் திறந்து, மோதி விழுந்தேன். "நீ ஏன் இவ்வளவு ஒட்டி வந்தாய்" என்கிறார் காரோட்டி. தவறு யாருடையது?

பதில்: பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தவருடையதுதான். கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திறக்கும் கடமை அவருக்கு உண்டு. நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநர் கதவு வலப்பக்கம் இருப்பதால், இடது கையால் கதவைத் திறக்கும் பழக்கம் வந்துவிட்டால் உடம்பு தானாகவே திரும்பும், கண் பின்னால் போகும். வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் தவறு யாருடையது என்று பின்னால் முடிவாவது உடைந்த கழுத்தெலும்பைச் சேர்த்துவிடாது. லிட்டல் இந்தியா தெருக்களில் நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி ஓட்டுங்கள். இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதுதான் விதி. கார்க் கதவை உரசிக்கொண்டு போக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பின்னால் ஹாரன் அடித்தாலும் ஓரத்துக்கு ஓடாதீர்கள். நிற்கும் காரின் பின்கண்ணாடி வழியே இருக்கையில் தலை தெரிகிறதா என்று பாருங்கள். பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா, பக்கக் கண்ணாடியில் ஓர் அசைவு தெரிகிறதா? தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, விரல்களைப் பிரேக்கின் மேல் வையுங்கள். முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால் அந்தக் கார் வெளியே வரப்போகிறது.

கேள்வி (பிறை): தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகிறேன். முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பிய லோரி என்னை உரசித் தள்ளியது. கால் முறிவு. வேலை முடங்கிவிட்டது.

பதில்: தம்பி, உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் பயன்படுத்துங்கள். வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்து, 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வேலை விபத்தாகவே கருதப்படும். போனது சைக்கிளா காரா என்பது பொருட்டல்ல. அனுமதிக்கப்பட்ட சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடப் போய் வருவதும் இதில் அடங்கும். சொந்த வேலைக்காக வழி மாறியிருந்தால்தான் மறுப்பார்கள். முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள், அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு, அதாவது இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, அறிவிக்க வேண்டும். லோரியின் காப்புறுதியிடம் இழப்பீடு கேட்பது தனி உரிமை. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாதீர்கள்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். லோரி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கத்தில் நிற்கிற உங்களை ஓட்டுநரால் பார்க்கவே முடியாது. சிக்னலில் லோரிக்கு இடப்பக்கமாக நுழைந்து முன்னால் போகாதீர்கள். அதன் பின்னாலேயே நில்லுங்கள். அந்த அரை நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

கேள்வி (பாலிக் புலாவ்): சாக்கடை மூடியின் கம்பி இடைவெளியில் முன்சக்கரம் இறங்கிக் கவிழ்ந்தேன். யாரைக் கேட்பது?

பதில்: சாலையைப் பராமரிப்பவரை. சிறு சாலைகள் பெரும்பாலும் மாநகர் மன்றத்தின் பொறுப்பு, பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. அரசு அமைப்புகள்மீது வழக்குத் தொடர 36 மாதங்கள்தான் அவகாசம், ஆறு ஆண்டுகள் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். மூடியைச் சரிசெய்துவிடுவதற்குள் படம் எடுங்கள். இடைவெளியின் மேல் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம், சாலையும் பக்கத்துக் கட்டடமும் தெரிய இன்னொரு படம்.

கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருக்கும் மூடிதான் ஆபத்து, மெல்லிய டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் எண்ணெய் மிதந்து சாலை வழுக்கும். வண்ணக் கோடுகளும் இரும்பு மூடிகளும் அதைவிட மோசம். அவற்றின்மேல் பிரேக் பிடிக்காமல், திரும்பாமல், நேராகக் கடந்துவிடுங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): இரவில் விளக்கில்லாமல் போனேன், கார் மோதிவிட்டது. தலைக்கவசமும் இல்லை. எனக்கு உரிமை உண்டா?

பதில்: உண்டு, ஆனால் குறையும். உங்கள் பங்குக்குத் தவறு 30 விழுக்காடு என்று நீதிமன்றம் கருதினால், இழப்பீட்டில் அந்த 30 விழுக்காடு கழியும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இரவில் கட்டாயம். மோட்டார் சைக்கிளுக்குப்போல் சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை. இருந்தும் அணியுங்கள். மண்டைக் காயத்தோடு வந்த குடும்பங்களிடம் பேசியிருக்கிறேன், அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி (சுங்கை டுவா): பினாங்குப் பாலத்தில் சைக்கிளில் போகலாமா?

பதில்: கூடாது. இரண்டு பாலங்களிலும் சைக்கிளுக்குத் தடை உண்டு. படகில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம், ஒரு தாய்): பன்னிரண்டு வயது மகன் சைக்கிளின் பிரேக்கைக் கழற்றிவிட்டு நண்பர்களோடு இரவில் போகிறான். சொன்னால் கேட்பதில்லை.

பதில்: அம்மா, 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் இப்படி மாற்றியமைத்த சைக்கிள்களோடு நள்ளிரவுக்குப் பின் சாலையில் இருந்த பிள்ளைகளில் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியை விடுவித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் எட்டு வீடுகளில் பிள்ளைகள் இல்லை. இன்று இரவே சைக்கிளை வீட்டுக்குள் எடுத்து வைத்துப் பூட்டுங்கள். நாளை அவனையே கடைக்குக் கூட்டிப்போய், அவன் கண்ணெதிரே பிரேக்கைப் போடச் சொல்லுங்கள். பிறகு பகலில் ஓட்ட விடுங்கள். ஓட்டவே கூடாது என்றால் ஒளித்து ஓட்டுவான்.

கேள்வி (ஜெலுத்தோங்): மருத்துவமனையில் அப்பாவின் கட்டிலருகே ஒருவர் வந்து, "பெரிய தொகை வாங்கித் தருகிறேன்" என்று தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்: போடாதீர்கள். இப்படி ஆள் பிடிப்பது சட்டப்படி குற்றம், கிடைக்கும் பணத்தில் பெரும்பங்கு இவர்களுக்கே போய்விடும். அப்பா குணமாகும்வரை நீங்கள் செய்ய வேண்டியது: புகாரின் நகல், மருந்துச் சீட்டுகள், போக்குவரத்துச் செலவுக்கான ரசீதுகள், அவருடைய சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். வளைந்த சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் சாட்சிதான். பிறகு ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய், கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வழக்கை ஒப்படையுங்கள்.